ஊசியைக் கட்டாயமாக்குவதா, வாளியை மாற்றுவதா?

எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள் மின்னொளி கபடி நடத்துவது முப்பது வருட வழக்கம். சேரன்மகாதேவியைத் தாண்டி, கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்துப் பொட்டலில் செம்மண்ணைக் கொத்திக் கிளறி, நீர் தெளித்து, நான்கு மூலையிலும் விளக்கு கட்டிவிடுவோம். சென்ற ஆண்டு இரண்டாவது அரையிறுதியில் எங்கள் வலது கார்னர் ஆட்டக்காரர் எதிரணி ரெய்டரின் இடுப்பைப் பிடித்து மடக்கியபோது, அவருடைய தலை இவர் புருவத்தில் மோதியது. புருவம் பிளந்துவிட்டது. புருவத்தில் வரும் இரத்தம் பார்ப்பதற்குப் பெரிதாக இருக்கும். நடுவர் விசில் ஊதினார். வாளியில் கிடந்த துண்டைப் பிழிந்து முகத்தைத் துடைத்தோம். மஞ்சள் தூளை வைத்து அழுத்தினோம். ரெய்டரின் தோளில் பட்டிருந்த இரத்தத்தையும் அதே துண்டால் துடைத்தோம். துண்டு மறுபடி வாளிக்குள் போனது. ஐந்து நிமிடம் கழித்து அடுத்த பையன் அதே தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியவன் நான்தான். அன்றைக்கு அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, அந்தக் கொடையில் ஆடிய அணிகளில் ஒன்றைச் சேர்ந்த ஒரு பையன் இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தான். தானமாக வரும் இரத்தத்தைப் பரிசோதிப்பது கட்டாயம். அவனுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. அவனுக்கும் மருத்துவருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய செய்தி, ஞாயிற்றுக்கிழமைக்குள் டீக்கடைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் 'கொஞ்சம் தவணை' கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

எங்கள் குழு கூடியது. இனி அணியில் சேருகிறவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று விதி வைக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆளுக்கொரு கருத்து, பாதிப்பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லா வழிகளையும் ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் தள்ளிவிட்டார்கள். இது பெரும்பாலும் அந்தக் குறிப்புதான், கொஞ்சம் நீண்டுவிட்டது. தொடங்கும்போது நான் கட்டாயத்தின் பக்கம் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நோய். ஹெபடைடிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவுகிறது. சேர்ந்து சாப்பிடுவதாலோ, கைகுலுக்குவதாலோ, இருமலாலோ பரவாது. வளர்ந்தவர்களுக்கு வந்தால் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் தானாகவே தேறிவிடுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு வந்தால் ஆபத்து மிக அதிகம். பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிக்கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல வருடம் கழித்துக் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். பலருக்கு அது தெரியவே தெரியாது. ஓடுவார்கள், பாடுவார்கள், பிடிப்பார்கள். இரத்தம் காய்ந்த பிறகும் இந்த வைரஸ் ஏழு நாளாவது பிழைத்துக் கிடக்கும் என்று படித்தபோது, எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கபடியில் பரவுமா என்று கேட்டால், அபூர்வம். ஆனால் உடலோடு உடல் மோதும் ஆட்டங்களில் நடந்திருக்கிறது. ஜப்பானில் ஓர் உயர்நிலைப் பள்ளி சுமோ குழுவில் பத்துப் பேரில் ஐந்து பேருக்குத் தொற்றியது. 1980களின் தொடக்கத்தில் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. பின்னர் அதே நாட்டில் ஒரு கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியிலும் இப்படிப் பரவியது. எங்கள் ஆட்டம் சுமோவைவிட மென்மையானது என்று சொல்ல ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

இன்னொரு விவரம் எங்கள் பையன்களுக்கு நேரடியாகப் பொருந்தும். இந்தத் தடுப்பூசி அரசின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் முதலில் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2007-08 வாக்கில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களுக்கு வந்து, 2011-இல் நாடு முழுவதும் பரவியது. ஆகவே இன்றைக்கு இருபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் குழந்தையாக இருந்தபோது இதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. எங்கள் அணியின் முதல் ஏழு பேரும் அந்த வயதுதான். ஜூனியர் பையன்கள் பலர் போட்டவர்கள், அண்ணன்மார் போடாதவர்கள்.

வழிகளுக்கு வருகிறேன். குழுவில் எழுந்த முதல் யோசனை, 'எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்வோம். இருப்பவனை நிறுத்திவிடுவோம்' என்பது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் பல நாடுகளில் இந்தப் பரிசோதனை இருக்கிறது என்பது உண்மை. அங்கே முடிவு ஓர் அலுவலகத்தின் கோப்புக்குள் போகிறது. இங்கே எங்கே போகும் என்பதைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டோமே. இதற்கு மேல் இந்த யோசனையில் நான் நேரம் செலவிடவில்லை.

இரண்டாவது, ஊசி போட்டவனுக்குத்தான் ஜெர்சி. இதைச் சொன்னவர் எங்கள் பயிற்சியாளர் அண்ணாச்சி. 'ஆட வருகிறவன் நகம் வெட்டி வர வேண்டும் என்று சொல்கிறோம், மோதிரத்தைக் கழற்றச் சொல்கிறோம். இதையும் சொன்னால் என்ன?' என்றார். நல்ல கேள்வி. ஆனால் நகம் மறுபடி வளரும். உடம்புக்குள் ஒன்றைச் செலுத்துவது வேறு வகை. உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று கொரோனா தடுப்பூசி வழக்கில் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்தது. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது என்றது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. பொது நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம். அவை ஆபத்தின் அளவுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தொற்று தணிந்திருந்த அந்த நேரத்தில், ஊசி போடாதவர்களைப் பொது இடங்களிலிருந்து விலக்குவது அந்த அளவுக்குப் பொருந்தவில்லை என்பது தீர்ப்பு. ஊர் கபடிக் குழு அரசாங்கம் இல்லைதான். ஆனாலும் 'ஆபத்தின் அளவுக்கு ஏற்றதா' என்ற அந்த அளவுகோலைக் கடன் வாங்குவதில் தவறில்லை.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கொரோனா காலத்து விளையாட்டுச் சண்டைகளைத் திரும்பப் பார்த்தேன். டென்னிஸ் வீரர் ஜோகோவிச் கதை எல்லோருக்கும் தெரியும். 2022 ஜனவரியில், ஒன்பது முறை ஆஸ்திரேலிய ஓபனை வென்றவர், ஊசி போடாமல் மருத்துவ விலக்கோடு மெல்போர்னில் இறங்கினார். விசாவை ரத்து செய்தார்கள். ஜனவரி 10 அன்று ஒரு நீதிபதி அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தார். 14 அன்று அமைச்சர் தன் தனி அதிகாரத்தால் மறுபடி ரத்து செய்தார். 16 அன்று மூன்று நீதிபதிகள் அமைச்சரின் பக்கம் நின்றதும் அவர் விமானம் ஏறினார். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஜோகோவிச்சால் சுற்றியிருப்பவர்களுக்குத் தொற்றும் ஆபத்து மிகச் சொற்பம் என்பதை அமைச்சரே ஒப்புக்கொண்டுதான் வாதிட்டார். அவர் அங்கே ஆடுவதைப் பார்த்து மற்றவர்கள் ஊசியை மறுத்துவிடுவார்களோ என்பதுதான் அமைச்சரின் கவலை. அதாவது விதியின் குறி நோயிலிருந்து நழுவி, ஆளின் முன்மாதிரிக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டே அவர் திரும்பிப் போய்ப் பத்தாவது முறை கோப்பையைத் தூக்கினார்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கைரி இர்விங் கதை இதைவிட விசித்திரம். நியூயார்க் நகர விதி, அந்த ஊர் அணியில் ஆடும் ஊசி போடாத கூடைப்பந்து வீரரை உள்ளூர் ஆட்டங்களில் தடுத்தது. ஆனால் வெளியூர் அணியில் ஊசி போடாதவர் இருந்தால் அதே தளத்தில் ஆடலாம். 2022 மார்ச்சில் பார்வையாளர்களுக்கான விதி தளர்ந்ததும் இர்விங் டிக்கெட்காரரைப் போல ஓரத்தில் உட்கார்ந்து தன் அணியின் ஆட்டத்தைப் பார்த்தார். இறங்கி ஆடத்தான் கூடாது! அன்று அவர் உடைமாற்றும் அறைக்குள் போனதற்காக அணிக்கு 50,000 டாலர் அபராதம். அந்த மாதக் கடைசியில் மேயர் விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு கொடுத்துக் கதையை முடித்தார். பந்து எறியும்போது பரவுகிற வைரஸ், பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது போலிருக்கிறது. எங்கள் ஊரில் இப்படி ஒரு விதி போட்டிருந்தால் கொடை முடியும்வரை சிரித்திருப்பார்கள்.

இவற்றைச் சொல்வது ஊசியைக் குறை சொல்வதற்காக இல்லை. கட்டாயம் பலித்த கதையும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வருகிறார் என்றதும், ஆச்சியைக் குழந்தையாக இருந்தபோது நெல் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிட்டார்களாம். இரண்டாவது முறை வந்தபோது பிடித்துக் குத்தினார்கள். அந்தத் தழும்பு அவளுடைய மேற்கையில் ஐந்து பைசா நாணயம் அளவுக்குக் கடைசிவரை இருந்தது. அம்மன் கோபம் என்று நினைத்த ஊர்களில் அப்படித் தேடித் தேடிக் குத்தியதால்தான் 1977-இல் இந்தியா பெரியம்மை இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது. ஆனால் பெரியம்மை மூச்சுக் காற்றில் பரவியது. மூன்றில் ஒருவரைக் கொன்றது. கதவைச் சாத்தித் தப்பிக்கவும் வழியில்லை. அங்கே கட்டாயம் ஆபத்துக்கு ஏற்ற எடை.

மூன்றாவது வழி, அவரவர் விருப்பம். எங்கள் மூத்த ரெய்டர் இதன் பக்கம். அவர் எந்த ஊசியையும் நம்பாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். காலில் ஆணி ஏறினால் முதல் ஆளாக டி.டி. ஊசிக்கு ஓடுவார். கொரோனா ஊசிக்குத்தான் அவர் மறுத்தார், அதற்குக் காரணமும் வைத்திருக்கிறார். நம் பக்கத்துக்காரரான நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாளே மாரடைப்பால் இறந்தார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு பிறகு சொன்னது. பயம் முந்திக்கொண்டது, விளக்கம் பின்னால் நடந்து வந்தது. 'உடம்பு என்னுடையது தம்பி, ஊசியும் என்னுடைய விருப்பமாக இருக்கட்டும்' என்கிறார். வாதம் சரி, ஆனால் எந்த ஊசி என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறுகிறது. டி.டி. ஊசி தடுக்கும் இரணஜன்னி மண்ணிலிருந்து வருகிறது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. மாடு கட்டிய பொட்டலில் சிராய்ப்போடு உருளுகிறவர் அந்த ஊசியை மறுத்தால் நட்டம் அவருக்கு மட்டும்தான். ஆக, அவர் தானாக ஓடிப் போடும் ஊசியில்தான் அவருடைய உரிமை முழுமையாக இருக்கிறது!

விருப்பத்துக்கு விட்டவர்களின் அனுபவமும் கலவையானது. பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் யோசுவா கிம்மிச், நீண்டகாலப் பாதிப்பு பற்றிய ஆய்வு போதாது என்று சொல்லி ஊசியைத் தள்ளிப்போட்டார். 2021 நவம்பரில் தொற்று வந்து நுரையீரல் பாதிக்கப்பட்டு, அந்த ஆண்டின் மீதி ஆட்டங்களை இழந்தார். பிறகு ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அமெரிக்கக் கால்பந்து லீகில் கட்டாயம் வைக்கவில்லை. ஊசி போடாதவர்களுக்குத் தினப் பரிசோதனை, முகக்கவசம், தனிமை என்று தொல்லையை மட்டும் கூட்டினார்கள். 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் போட்டுக்கொண்டார்கள். அதே லீகில்தான் ஆரன் ராட்ஜர்ஸ், ஊசி போட்டீர்களா என்ற கேள்விக்கு, கேட்டவர்கள் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும்படி பதில் சொல்லி மாதக்கணக்கில் ஓட்டினார். தொற்று வந்த பிறகு விஷயம் வெளியே வந்தது. அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதம், அவருக்கு 14,650 டாலர். அவருடைய சம்பளத்துக்கு அது வெற்றிலை பாக்குக் காசு.

எனக்கு அதிகம் உறுத்தியது ஆண்ட்ரூ விக்கின்ஸ். சான் பிரான்சிஸ்கோ கூடைப்பந்து அணிக்காரர். மதக் காரணம் சொல்லி விலக்கு கேட்டார், கிடைக்கவில்லை. ஊசி போடுவது அல்லது ஆட்டத்தை விடுவது என்ற நிலையில் போட்டுக்கொண்டார். 2022 ஜூனில் அவருடைய அணி சாம்பியன். கட்டாயம் வென்றது என்று இதை வைத்து வாதிடலாம். ஆனால் தனக்கு வேறு வழி விடவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவருக்கே அந்தக் கசப்பு என்றால், கொடைக்குக் கொடை பரோட்டாவும் பஸ் காசும் வாங்கி ஆடும் பையன் என்ன நினைப்பான்? அவன் வேறு அணிக்குப் போய்விடுவான். பக்கத்து ஊர் அணி ஊசி கேட்காது.

இங்கேதான் என் நினைப்பு திரும்பியது. கட்டாயம் வைத்தால் யாரைக் காப்பாற்றுகிறோம்? ஹெபடைடிஸ் பி ஊசி, போட்டவரைக் காக்கிறது. மூன்று தவணையும் முடித்த ஆரோக்கியமான இளைஞர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எதிர்ப்புச் சக்தி வருகிறது. நான் போட்டிருந்தால், எதிரே வருகிறவர் போட்டாரா இல்லையா என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. வைரஸ் ஏற்கெனவே உடம்பில் இருப்பவருக்கு ஊசி போட்டாலும் அது போய்விடாது. அவர் இரத்தம் பட்டால் பட்டதுதான். ஆக 'எதிரணியைக் காப்பாற்ற எங்கள் பையனுக்கு ஊசி' என்ற வாதம், கொஞ்சம் தோண்டினால் நொண்டுகிறது. எதிரணியைக் காப்பாற்றுவது வேறொன்று.

அந்த வேறொன்றைச் சொன்னவர் எங்கள் ஊரில் ஓய்வு பெற்று இருக்கும் நர்ஸ், சிஸ்டர் அக்கா. அவரைக் கூட்டத்துக்கு அழைத்ததே கடைசி நேரத்தில்தான். 'ஊசியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினீர்கள். அந்த வாளியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே' என்றார்.

பிறகு தேடிப் படித்தபோது அவருக்கு ஸ்வீடன் சாட்சி சொன்னது. 1957 முதல் 1963 வரை அந்த நாட்டில், வரைபடத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் போட்டி வீரர்களிடையே 568 பேருக்கு இந்த மஞ்சள் காமாலை பரவியது. புதர்களில் கால் கீறி, ஒருவர் இரத்தம் பட்ட முள் அடுத்தவரைக் கீறுவதும், ஓட்டம் முடிந்ததும் பொதுத் தண்ணீரில் காயம் கழுவுவதும் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். அன்றைக்குத் தடுப்பூசியே கிடையாது. அது வந்தது 1981-இல். கால் கையை மூடும் உடை கட்டாயம் என்று விதி வைத்தார்கள். பரவல் அடங்கிவிட்டது. பொதுத் தண்ணீர் என்ற இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஆகவே நான்காவது வழி, ஆட்டத்தின் நடத்தையை மாற்றுவது. இதில் கட்டாயம் வைக்கலாம், யாருக்கும் உடம்பில் ஊசி ஏறாது, யார் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டியதில்லை. எல்லார் இரத்தத்தையும் ஒரே மாதிரி நடத்தினால் போதும். இரத்தம் வந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். ஆட்டக்காரர் வெளியே போய், காயம் கட்டி, இரத்தம் நின்ற பிறகுதான் உள்ளே வர வேண்டும். கறை பட்ட பனியனை மாற்ற வேண்டும். துடைப்பவர் கையுறை போட வேண்டும். துண்டு ஆளுக்கு ஒன்று. வாளி கூடாது, குழாய் வைத்த டிரம் போதும். மண்ணில் சிந்தினால் அந்த இடத்து மண்ணை வெட்டி எடுத்துவிடலாம். மேட் விரிப்பில் சிந்தினால் பிளீச்சிங் கரைசல். இதில் குறை, ஆட்டம் தடைபடும், கூட்டம் கத்தும். ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி அடிபட்டதுபோல் படுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தவும் பார்க்கும். அதை நடுவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசியையும் விடவில்லை. அதைக் கட்டாயமாக இல்லாமல் சுலபமாக ஆக்குவது என்று முடிவெடுத்தோம். மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். இதில்தான் எல்லா ஊரிலும் மூன்றாவது ஊசி மறந்துபோகிறது. எனவே தேதிகளைப் போட்டி நாட்காட்டியோடு சேர்த்துவிட்டோம். பெரிய குப்பியாக வாங்கினால் தலைக்கு விலை குறைகிறது. ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. ஒரு மருத்துவரின் கிளினிக்கில், அவர் முன்னிலையில் போட்டோம். செலவு கொடை வரவில் மிச்சமான பணம். யார் போட்டார், யார் போடவில்லை என்ற பட்டியல் சிஸ்டர் அக்காவின் நோட்டில் மட்டும் இருக்கிறது. குழுவில் யாரும் அதைக் கேட்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

பயிற்சியாளர் அண்ணாச்சிக்கு இந்த முடிவில் முழுத் திருப்தி இல்லை. பதினெட்டு வயது ஆகாத பையன்கள் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலோடு கட்டாயமே வைக்கலாம் என்பது அவர் வாதம். அதில் எனக்கும் பாதி மனம் இருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் குழந்தையிலேயே போட்டிருப்பவர்கள் என்பதால் சண்டை பெரிதாகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அது நிற்கிறது.

மூத்த ரெய்டர் முதல் தவணைக்குக் கிளினிக் பக்கம் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. போன வாரப் பயிற்சிக்கு அவர் வந்தபோது, தோளில் நீலக்கரை போட்ட புதுத் துண்டு ஒன்று இருந்தது. மூலையில் தன் பெயரை மார்க்கரால் எழுதியிருந்தார். ஒரு பையன் எடுத்து முகம் துடைக்கப் போனதும், 'எடுக்காதே வே, அது என்னுடையது' என்று பிடுங்கிக்கொண்டார்.